கடைசி வரி யாருடையது

சென்ற மாதம் மாத்தளையில், பத்திரிகைத் துறைக்கு வர ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஓய்வு பெற்ற நிருபர் என்று என்னையும் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளை ஒன்று எழுந்து, "ஐயா, நீங்க எப்படி ஒங்க எழுத்துத் திறமைய வளர்த்துக்கிட்டீங்க?" என்று கேட்டது. நிறைய வாசிக்க வேண்டும், தினமும் எழுத வேண்டும், நல்ல சொற்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொன்னேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நான் சொன்னவற்றில் ஒன்றாலும் எனக்கு எழுத வரவில்லை. சொற்களைச் சேர்த்து வைத்தது உண்மை, அதனால் கெட்டுத்தான் போனேன். எனக்கு எழுதக் கற்றுத் தந்தது பொறாமை. ஒரு மனிதர் மேல் பல வருஷம் விடாமல் பட்ட பொறாமை. சால்வை போர்த்தியவர்களுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளை வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். அப்பா துணிக்கடையில் வேலை செய்தார். என்னைக் காசிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் சேர்த்துவிட்டார். ஆணி, கம்பி, மண்வெட்டி, ரப்பர் மரத்தில் கட்டும் சிரட்டைக்குக் கம்பி வளையம் என்று எல்லாம் விற்கும் பெரிய கடை. முதலாளியின் பாட்டன் காலத்திலிருந்தே அவர்கள் மாத்தளைக்காரர்கள். அந்தக் கடையில் இருந்துகொண்டுதான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மாத்தளை நிருபரானேன். பயிற்சி என்று எதுவும் இல்லை. பழைய நிருபர் விட்டுப் போனார், நான் விண்ணப்பம் எழுதினேன், ஓர் அடையாள அட்டை வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் இன்னும் ஓரிரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள்.

செய்தி அனுப்பும் முறை இதுதான். எழுதிய தாளை உறையில் போட்டு, மத்தியான ரயிலில் கார்டிடம் கொடுப்பேன். கொழும்புக் கோட்டையில் பத்திரிகை ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மாலையில் ஆசிரியபீடத்திலிருந்து கடைத் தொலைபேசிக்கு வெளியூர் டிரங் கோல் வரும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் சரியா என்று கேட்பார்கள். மறுநாள் காலையில் பத்திரிகை வரும். நான் அனுப்பியதற்குக் கார்பன் பிரதி வைத்திருப்பேன். பத்திரிகையையும் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அதோடு அன்றைய நாள் கெட்டுவிடும்.

காரணம், பத்திரிகையில் என் எழுத்து இருக்காது. செய்தி என்னுடையது, மேலே "நமது மாத்தளை நிருபர்" என்று இருக்கும், கீழே இருக்கும் வசனம் ஒன்றும் என்னுடையதல்ல. நான் இயற்கை அன்னை சீறினாள் என்று எழுதியிருப்பேன். அங்கே மழை பெய்தது என்று இருக்கும். ஈவிரக்கமற்ற காலன் கவர்ந்து சென்றான் என்று நான் எழுதியவர், பத்திரிகையில் வெறுமனே இறந்து போயிருப்பார். வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவை இரண்டு முழுத் தாளில் பாடியிருந்தேன். வந்தது உள்ளங்கை அகலம்.

வெட்டினால்கூடப் பொறுத்திருப்பேன். வந்தது நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

எனக்குக் கல்யாணமான வருஷம் தம்புள்ளைச் சந்திக்குக் கிட்ட ஒரு வெங்காய லொறி கவிழ்ந்தது. சாரதிக்குப் பலத்த அடி. நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து, பதறித் துடித்த பொதுமக்கள், சோகக் கடலில் மூழ்கிய தம்புள்ளை என்று வழக்கம்போல எழுதி அனுப்பினேன். மாலையில் கோல் வந்தது. பேசியவர் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, "வெங்காயம் என்ன மாதிரி?" என்று யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டார். செத்துப் பிழைத்த மனுஷனை விட்டுவிட்டு வெங்காயத்தைக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். டிரங் கோலில் மெதுவாகப் பேசினால் கேட்காது, கத்தித்தான் பதில் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்குப் போனேன். என் மனைவி பாக்கியம் அடுப்படியில் இருந்து பத்திரிகையோடு வந்தாள். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். செய்தியை முதலிலிருந்து கடைசி வரை எழுத்துக்கூட்டாத குறையாக நிதானமாக வாசிப்பாள்.

"என்னங்க, அந்தக் கடைசி வரியப் படிச்சிட்டு சோத்த வடிக்கக்கூட மறந்துட்டேன்" என்றாள்.

அந்தக் கடைசி வரி இது: சாரதி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்தபோது, வெங்காயம் முழுவதும் வீதியோரம் மூட்டையாகக் கட்டி அடுக்கியிருந்தது, கட்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

"எப்படிங்க இப்படியெல்லாம் எழுத வருது ஒங்களுக்கு?"

கல்யாணமாகி அப்போது மூன்று மாதம்கூட இல்லை. புதுப் பெண்டாட்டி கண் கலங்கிக் கேட்கிறாள். அதை எழுதினது நானில்லை என்று எந்தப் புருஷன் சொல்வான். நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். என் பெண்டாட்டி ஓர் எழுத்தைப் பார்த்து மயங்குகிறாள், அந்த எழுத்து வேறொருவனுடையது. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது சும்மா பேச்சில்லை. அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு அவள் எதை மெச்சினாலும் கடைசி வரியைத்தான் மெச்சினாள். முடி வெட்டுகிறவரும் மெச்சினார், தபால் கந்தோரில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயாவும் மெச்சினார். ஊர் முழுக்க எனக்கு மரியாதை. ஒவ்வொரு மரியாதையும் எனக்கு ஊசிதான். எனக்கு ஒரே ஓர் ஆசை வந்துவிட்டது. நான் எழுதிய வரி ஒன்று, நான் எழுதியபடியே அச்சாகி வர வேண்டும். அதைப் பாக்கியம் வாசித்து மெச்ச வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இத்தனைக்கும் காரணமான ஆளை ஒருதரம் நேரில் பார்த்துவிடுவது என்று கொழும்புக்குப் போனேன். கோலில் பேசுகிற குணநாதன்தான் என் செய்திகளைத் திருப்பி எழுதுகிறவர் என்று விசாரித்து வைத்திருந்தேன். குரலை வைத்து நரைத்த தலை, விபூதி, அங்கவஸ்திரம் என்று ஒரு பண்டிதரை மனதில் வைத்திருந்தேன். பெரியவராக இருந்தால் ஒரு கும்பிடு போட்டு விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியர் குணநாதன் யார் என்று கேட்டேன். ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த ஒருவரைக் காட்டினார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. ஒல்லியான உடம்பு, மைக்கறை பட்ட சட்டைக் கை, காதில் ஒரு பென்சில்.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்ய, அவர் நின்றுகொண்டே தாளை வாசிப்பார். ஒரு தடவைதான் வாசிப்பார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே முணுமுணுப்பார். அதன் பிறகு உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதுவார். சந்தேகம் வந்தால் மட்டும் கவிழ்த்த தாளின் ஓரத்தைத் தூக்கிப் பெயரைப் பார்ப்பார், சீட்டாடுகிறவர் தன் கைச்சீட்டைப் பார்ப்பதுபோல. எழுதி முடித்ததும் கடைசி வரிக்கு மேலே பென்சிலை வைத்துக் கொஞ்சம் யோசிப்பார். அநேகமாக அந்தக் கடைசி வரியை வெட்டிவிடுவார். தான் எழுதியதையே வெட்டுவார்.

நான் போய்ப் பெயரைச் சொன்னேன். பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. ஊரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஓ, மாத்தளையோ? வாரும், இரும். தேத்தண்ணி குடிப்பீரோ?"

அங்கே எங்களுக்கெல்லாம் ஊர்ப் பெயர்தான். நான் மாத்தளை, இன்னொருவர் பதுளை, இன்னொருவர் மன்னார். நான் கையோடு கொண்டு போயிருந்த செய்தியை நீட்டினேன். யட்டவத்தையில் சந்தைக் கட்டடம் திறந்த செய்தி. அமைச்சர் வந்த விழா, மூன்று நாள் யோசித்து எழுதியிருந்தேன். வாங்கினார். வாசிக்கவில்லை. என் கண் முன்னாலேயே கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இது கிடக்கட்டும். அங்கை என்ன நடந்தது? சொல்லும்."

"அதான் எழுதியிருக்கேனுங்களே."

"எழுதினதை நான் பிறகு வாசிப்பன். நீர் சொல்லும்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இத்தனை தூரம் வந்த மனுஷனின் தாளை வாசிக்காமல் கவிழ்க்கிறானே என்று மனதுக்குள் அவன் இவன் என்றே ஓடியது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அமைச்சர் ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்காமல், வெற்றிலைக்காரி ஒருத்தியின் பாக்குவெட்டியை வாங்கி வெட்டினதையோ எதையோ உளறிவிட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் பத்திரிகையில் அந்தப் பாக்குவெட்டிதான் வந்தது. மூன்று நாள் யோசித்தது எதுவும் வரவில்லை. பாக்கியம் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

கிழவராக இருந்திருந்தால் எனக்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்திருப்பேன். என்னைவிட இளையவர் என்று தெரிந்த பிறகு அந்த ஆறுதலும் போயிற்று.

சரி, அவர் எழுதுவதுபோலவே நானும் எழுதிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். அவர் எழுதி வந்த என் செய்திகளை எல்லாம் கையால் பிரதி எடுத்தேன். வசனங்கள் சின்னதாக இருந்தன, அடைமொழி இல்லை. இவ்வளவுதானா சங்கதி என்று நானும் எல்லாவற்றையும் சுருக்கினேன். மழை பெய்தது. பாலம் உடைந்தது. மக்கள் அவதி. அனுப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மாலையில் கோல் வந்தது.

"மாத்தளை, உமக்கு உடம்பு சுகமில்லையோ? இவ்வளவு கொஞ்சமாய் எழுதியிருக்கிறீர்."

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே விசாரித்தார். கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் யார் மாட்டிக்கொண்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று வழக்கம்போலக் கேட்டார். நானும் வழக்கம்போலக் கத்தினேன். மறுநாள் வழக்கம்போல நன்றாக வந்தது.

இப்படியே சில வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில் காசிம் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி வாசிப்பதில் பெரிய நாட்டம் இல்லை, விலைவாசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார். அன்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. இது நீங்க நேத்து போன்ல கத்தினது தானே?"

"செய்தி நான் குடுத்தது முதலாளி. எழுதுறது அங்க ஒருத்தர்."

"எழுதுறது யாரும் எழுதட்டும். நீங்க சொன்ன பேச்சத்தான் போட்டு ஈக்கு. நேத்து இந்தக் கல்லாவுல இருந்து நான் கேட்டேன். ஆணி வாங்க வந்த தச்சுப் பாஸும் கேட்டாரு. நீங்க 'அந்தாளு சைக்கிள உருட்டிக்கிட்டே போனாரு, ஏறவே இல்ல'ன்னு சொன்னீங்க. இங்க, 'அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை'ன்னு ஈக்கு. இதுல அவரு என்னத்த எழுதினாரு?"

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். முதலாளி சொன்னது சரி. மகனைப் பிணமாகப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன தகப்பன் ஒருவரின் செய்தி அது. கடைசி வரி அந்தச் சைக்கிள் வரிதான். காலையில் பாக்கியம் அதை வாசித்துவிட்டு மறுபடி வாசித்ததையும் நினைத்தேன்.

இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது. வார்த்தை என் வாயில் இருந்திருக்கிறது. என் காதுக்கு அது கேட்கவில்லை. கொழும்பில் இருந்த அந்த ஒல்லி மனுஷனுக்கு, கரகரவென்று இரையும் கம்பி வழியாகக் கேட்டிருக்கிறது. எழுதத் தெரிந்தவன் மேல் பொறாமைப்பட்டால் எழுதக் கற்றுக்கொள்ளலாம். கேட்கத் தெரிந்தவன் மேல் பொறாமைப்பட்டால் என்ன செய்வது.

அன்றிலிருந்து பேசுவதுபோல எழுதிப் பார்த்தேன். பேனாவைத் தொட்ட உடனே இயற்கை அன்னை வந்து உட்கார்ந்துகொள்வாள். எதிரில் ஆள் இல்லாமல் எனக்குப் பேச்சு வரவில்லை. வராதது மட்டுமில்லை, வரவில்லை என்று வேறு இப்போது தெரிந்துவிட்டது.

பிறகு அந்த மழை நாள். தோட்டங்களில் குடியுரிமை பிரித்து, ஒரே வீட்டில் சிலர் இலங்கைக்காரர், சிலர் இந்தியாவுக்குப் போக வேண்டியவர் என்று ஆகியிருந்த காலம். குடும்பங்கள் தலைமன்னார்க் கப்பலுக்குப் போவதற்காக மாத்தளை ரயில் நிலையத்துக்கு வந்து சேரும். யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லய வீடுகளிலிருந்து நிறையப் பேர் காலை ரயிலில் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேடை முழுக்கத் தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளும். போகிறவர் யார், வழியனுப்ப வந்தவர் யார் என்று பார்த்தால் தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரித்தான் அழுதார்கள்.

அங்கே இரண்டு பெண்கள் மட்டும் அழவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா தங்கச்சி. அக்காவுக்கு இலங்கை கிடைத்திருந்தது, தங்கச்சி இந்தியாவுக்கு. தங்கச்சியின் இடுப்பில் ஒரு துணி மூட்டை, குழந்தையைப்போலக் கனத்துத் தொங்கியது. ரயில்வே ஊழியர் ஒருவர் அது என்ன என்று கேட்டார். அவிழ்த்தாள். அம்மிக் குழவி.

"அங்க போனா கல்லு கெடைக்காதா? இதப் போய் சொமந்துக்கிட்டுப் போறாளே, நீங்களே கேளுங்க" என்று அக்கா என்னைப் பார்த்து முறையிட்டாள்.

"அம்மிய அவளே வச்சிக்கிட்டா, அய்யா. தூக்க முடியாதுன்னு விட்டுட்டு வந்தேன். இத என்னால தூக்க முடியும்" என்றாள் தங்கச்சி.

"குழவி இல்லாம நான் அம்மிய வச்சிக்கிட்டு என்னத்த அரைக்கிறது?"

"நான் மட்டும் அம்மி இல்லாம என்னத்த அரைக்கிறது?"

வண்டி நகரும்வரை இதுதான் சண்டை. வண்டி நகர்ந்த பிறகு அக்கா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கடைக்கு வந்தேன். மத்தியான ரயிலுக்கு நேரம் இருந்தது. மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கண்ணீர் வெள்ளத்தில் மிதந்தது மாத்தளை நிலையம் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். இதை அனுப்பினாலும் மாலையில் குணநாதன் கேட்பார், நான் சொல்வேன், அவர் எழுதிவிடுவார் என்று ஒரு நிம்மதி மனதின் ஓரத்தில் இருந்தது. அந்த நிம்மதியை நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் முதலாளி தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "லைன் செத்துப் போச்சு. மழைக்கு எங்கேயோ மரம் விழுந்து ஈக்கும்" என்றார்.

அன்று மாலை கோல் வராது. நான் எழுதி அனுப்புவதுதான் செய்தி. இத்தனை வருஷம் ஆசைப்பட்டுக் காத்திருந்த நாள் வந்துவிட்டது, எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதிலும் அன்னை வந்துவிட்டாள். முதலாளி என்னையும் கிழித்த தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, செத்த தொலைபேசியைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"கத்துங்க தம்பி."

"லைன் இல்லையே முதலாளி."

"இருந்தா மட்டும் அந்த ஆளு ஒங்களுக்கு எழுதியா தாராரு? கத்துங்க. நாங்க கேக்குறோம்."

கடையில் மண்வெட்டி வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். வெட்கத்தை விட்டு, கறுப்புக் கைப்பிடியைக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. "ஹலோ, மாத்தளை பேசுறேன்" என்று கத்தினேன். பெட்டிகளைச் சொன்னேன், பாயைச் சொன்னேன். அக்கா தங்கச்சியைச் சொன்னேன். அவர் இருந்தால் எங்கே குறுக்கே கேட்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வயதிருக்கும் என்று கேட்பார், சொன்னேன். குழவியை எதில் சுற்றியிருந்தாள் என்று கேட்பார், பழைய வேட்டியில் என்றேன். வண்டி போன பிறகு அக்கா என்ன செய்தாள் என்று கேட்பார். மண்வெட்டிக்காரர்கள் மண்வெட்டியை மறந்து நின்றார்கள். "அம்மி லயத்து வாசல்ல இருக்கு. குழவி கப்பலுக்குப் போகுது" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை வைத்தேன். முதலாளி கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார்.

சூடு ஆறுவதற்குள் சொன்னதையெல்லாம் அப்படியே எழுத்துத் தமிழில் எழுதினேன். கடைசி வரியும் வந்தது. அதோடு நிறுத்த மனம் வரவில்லை. இவ்வளவு நல்ல செய்திக்கு ஒரு கனமான முடிவு வேண்டாமா. "பிரிவுத் துயரில் வாடும் இம்மக்களின் எதிர்காலம் காலத்தின் கைகளிலேயே உள்ளது" என்று ஒரு வசனத்தைப் போட்டு, உறையை ஒட்டி, மழையில் ஓடிப் போய்க் கார்டிடம் கொடுத்தேன்.

மறுநாள் பத்திரிகை வந்தது. கார்பன் பிரதியைப் பக்கத்தில் வைத்தேன். முதல் வசனம், நான் எழுதியது. இரண்டாவது, நான் எழுதியது. ஒரு சொல் மாறவில்லை. அம்மியும் குழவியும் நான் எழுதியபடியே இருந்தன. அதற்குக் கீழே காலத்தின் கைகள் மட்டும் இல்லை. குணநாதன் அந்த ஒரு வரியை வெட்டியிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பாக்கியம் வாசலிலேயே நின்றாள். அவளுடைய சித்தி குடும்பமும் அந்த வருஷம்தான் குடியுரிமை பிரிந்து இந்தியாவுக்குப் போயிருந்தது.

"அந்தக் கடைசி வரிங்க" என்றாள். உலை வைக்கப் போகாமல் அங்கேயே நின்றாள்.

அந்த வரி என்னுடையது. என் வாயில் வந்து, என் கையால் எழுதியது. ஆனால் அதைக் கடைசி வரியாக்கியது அவர். நான் விட்ட இடத்தில் விட்டிருந்தால் பாக்கியம் காலத்தின் கைகளை வாசித்துவிட்டு உலை வைக்கப் போயிருப்பாள். ஜெயித்த நாளிலும் பாதி வெற்றியை அந்த மனுஷன் கொண்டு போய்விட்டாரே என்று கிணற்றடியில் நின்று யோசித்தேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அதன் பிறகு எழுத்து எனக்குப் பிடிபட்டுவிட்டது. காதில் தொலைபேசி இல்லாமலேயே குணநாதன் குறுக்கே கேட்பது எனக்குக் கேட்கும், பதில் சொல்லிக்கொண்டே எழுதுவேன். என் செய்திகள் மாறாமல் வரத் தொடங்கின. முடிவில் மட்டும் ஒரு கனமான வசனம் போடுவேன், அவர் வெட்டுவார். எத்தனை வருஷமானாலும் அந்த ஒரு வரியை விடும் பழக்கம் எனக்கு வரவில்லை. ஒரு தடவை கோலில், "மாத்தளை, நீர் எனக்கு வேலை இருக்க வேணும் எண்டுதான் இதைப் போடுறீர் போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எழுபதுகளின் கடைசிப் பக்கம் அவர் திடீரென்று இறந்து போனார். ஆசிரியபீடத்திலிருந்து புதிய குரல் ஒன்று கோல் எடுத்து, "நீங்கள்தானே அவரோட நெடுநாள் பழகினவர், ஒரு அஞ்சலி எழுதித் தாங்க" என்றது. அன்று இரவே எழுதினேன். தாளைக் கவிழ்த்து வைத்துச் "சொல்லும்" என்றதை எழுதினேன், வெங்காயத்தை எழுதினேன். காதில் பென்சிலோடு ஜன்னலோரம் நின்றதை எழுதினேன். என்னுடைய கடைசி வரிகளைக் கடைசி வரியாக்கினவர் அவர் என்பதை மட்டும் எழுதவில்லை. பாக்கியம் வாசிப்பாளே.

விடிந்ததும் மத்தியான ரயிலில் அனுப்பினேன், அதற்கு மறுநாள் அஞ்சலி வந்தது. அப்போதெல்லாம் அவள் கண்ணாடி போட்டுத்தான் வாசிப்பாள். முதலிலிருந்து நிதானமாக வாசித்தாள். ஜன்னல் இடத்தில் கொஞ்சம் நின்றாள். கடைசிக்கு வந்து, பத்திரிகையைத் தள்ளிப் பிடித்து, அந்த வரியை மறுபடி வாசித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். "அன்னாரின் மறைவு பத்திரிகை உலகுக்கு ஈடுசெய்ய முடியாத பேரிழப்பாகும்." பழக்கத்தில் போட்டிருக்கிறேன், வெட்ட அங்கே ஆள் இருக்கிறார் என்ற நினைப்பில். யாரும் வெட்டவில்லை.

"இந்தக் கடைசி வரி வேணாங்க. அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "முந்தியெல்லாம் நீங்க இப்படி முடிக்க மாட்டீங்களே."

செத்த மனுஷன் மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன்.

"வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.